மெயின் பெட்டி எங்கே இருக்க வேண்டும்?



வீடு கட்டும்போது வாசல் எந்தத் திசை பார்த்து இருக்கணும் என்று பத்துப் பேரிடம் கேட்கிறோம். அடுப்பு எந்த மூலை என்று கேட்கிறோம். போர் போட எங்கே தண்ணீர் இருக்கும் என்று தேங்காயைக் கையில் வைத்துக்கூடப் பார்க்கிறோம். ஆனால் கரண்ட் மெயின் பெட்டியை எங்கே வைப்பது என்று மட்டும் நாம் யாரிடமும் கேட்பதில்லை. நம்மிடமும் யாரும் கேட்பதில்லை. எங்கே வைத்தால் வயர் மிச்சமாகும் என்று வயர்மேன் பார்க்கிறார். அந்த இடத்தில் சுவரை வெட்டிக் கொடுக்கிறார்கள். பெட்டி உட்கார்ந்துவிடுகிறது. பிறகு முப்பது வருடம் அது அங்கேயேதான்.

ஆனால் வீட்டில் ஒருவருக்கு ஷாக் அடித்தால், சுவிட்ச் போர்டில் புகை வந்தால், அந்த நேரம் வீட்டில் இருப்பது யார்? கொத்தனாரும் இல்லை, வயர்மேனும் இல்லை. பெரும்பாலும் நாம்தான் இருக்கிறோம். நம்மோடு பிள்ளைகள் இருக்கிறார்கள், வயதான மாமியார் மாமனார் இருக்கிறார்கள். எனவே அந்தப் பெட்டி எங்கே இருக்க வேண்டும் என்று சொல்லும் முதல் உரிமை நமக்குத்தான். அந்த உரிமையைக் கேட்டு வாங்க நாலு விவரம் தெரிந்திருக்க வேண்டும். அதைத்தான் இந்த முறை பேசப் போகிறோம்.

மாட்டுத்தாவணியைச் சுற்றி

மாட்டுத்தாவணி என்ற பெயருக்கே மாட்டுச் சந்தை என்றுதான் பொருள். அங்கே 1999-ல் பேருந்து நிலையம் வந்தது. 2004-ல் மேலூர் சாலையில் உயர் நீதிமன்றக் கிளை வந்தது. பூ மார்க்கெட், காய்கறி மார்க்கெட், பழ மார்க்கெட் எல்லாம் அந்தப் பக்கமே வந்துவிட்டன. அதோடு சேர்ந்து உத்தங்குடி, கே.புதூர், ஒத்தக்கடை வரைக்கும் அடுக்குமாடி வீடுகளும் எழும்பிவிட்டன.

நம் உறுப்பினர்கள் பலருக்கு அந்த வீடுகளோடு சம்பந்தம் உண்டு. மகள் ஜவுளிக் கடையிலோ ஆஸ்பத்திரியிலோ வேலை பார்த்துக்கொண்டு இரண்டாவது மாடியில் வாடகைக்கு இருப்பாள். மகன் குடும்பத்தோடு மூன்றாவது மாடியில் இருப்பான். ராஜாக்கூர் போன்ற இடங்களில் வாரியக் குடியிருப்பில் வீடு கிடைத்துப் போனவர்களும் இருக்கிறார்கள். ஊரிலேயே இருக்கும் நமக்கும் இது வேண்டாத பேச்சு இல்லை. பிரதமர் வீடு திட்டத்திலும், 2024-ல் தொடங்கிய கலைஞரின் கனவு இல்லம் திட்டத்திலும் ஓட்டு வீட்டையும் குடிசையையும் விட்டுக் கான்கிரீட் வீட்டுக்கு மாறுகிறோம். கனவு இல்லத்துக்கு அளவு 360 சதுர அடி. அவ்வளவு சின்ன வீட்டில் அடுப்பு, குழாய், பீரோ, சாமி அலமாரி எல்லாமே பக்கத்தில் பக்கத்தில்தான் வரும். எனவே பெட்டிக்கு இடம் பார்ப்பதில் இன்னும் கவனம் தேவை.

பெட்டிக்குள் என்ன இருக்கிறது?

"மெயின் பாக்ஸ்" என்று நாம் பொதுவாகச் சொல்வதில் நாலு சாமான் இருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை.

ஒன்று, மீட்டர். எத்தனை யூனிட் ஓடியது என்று கணக்குப் பார்ப்பது. அதில் மின் வாரியத்தின் சீல் இருக்கும். சீலை நாம் தொடவே கூடாது. கணக்கெடுக்க வருபவர் வீட்டுக்குள் வராமலே பார்க்கிற மாதிரி வாசல் பக்கம் இருப்பது நல்லது.

இரண்டு, மெயின் சுவிட்ச். முழு வீட்டுக்கும் கரண்டை நிறுத்துவது. பழைய வீடுகளில் இரும்புப் பெட்டியும் பீங்கான் பீஸ் கட்டையுமாக இருக்கும்.

மூன்று, டிபி பெட்டி. இதில் வரிசையாக டிரிப்பர்கள் இருக்கும். எம்.சி.பி. என்றும் சொல்வார்கள். ஹாலுக்கு ஒன்று, மோட்டாருக்கு ஒன்று, சமையலறைக்கு ஒன்று என்று பிரித்திருப்பார்கள். லோடு கூடினாலோ ஷார்ட் ஆனாலோ அந்தந்த டிரிப்பர் தானாக விழும்.

நான்கு, ஆர்.சி.சி.பி. உயிர் காக்கும் டிரிப்பர் என்றே இதைச் சொல்லலாம். கரண்ட் போன வழியிலேயே திரும்பி வருகிறதா என்று இது பார்த்துக்கொண்டே இருக்கும். நம் உடம்பு வழியாகக் கொஞ்சம் தரைக்குக் கசிந்தாலும் கண் இமைக்கும் நேரத்தில் நிறுத்திவிடும்.

"டிரிப்பர்தான் இருக்கே, இது வேற எதுக்கு?" என்று பலர் கேட்கிறார்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போம். 60 வாட் குண்டு பல்பு எரிய ஏறத்தாழ 260 மில்லி ஆம்பியர் கரண்ட் தேவை. அதில் பத்தில் ஒரு பங்கு, சுமார் 30 மில்லி ஆம்பியர், நெஞ்சு வழியாகச் சில நொடி ஓடினாலே இதயத் துடிப்பு தாறுமாறாகி உயிர் போகலாம். சாதாரண 16 ஆம்பியர் டிரிப்பர் விழ வேண்டுமானால் 16,000 மில்லி ஆம்பியருக்கு மேல் ஓட வேண்டும். அதாவது டிரிப்பர் வயரைக் காப்பாற்றும், மனுஷியைக் காப்பாற்றாது. மனுஷியைக் காப்பாற்ற 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. வேண்டும். வீடுகளில் இது கட்டாயம் வேண்டும் என்று மின் வாரியமும் வலியுறுத்தி வருகிறது.

இடம் ஏன் முக்கியம்?

கிரைண்டரில் கை வைத்தவருக்கு ஷாக் அடிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கரண்ட் பாய்ந்தால் தசை இறுகிக்கொள்ளும். பிடித்த கையை அவரால் விட முடியாது. பார்த்தவர் பதறிப்போய் இழுக்கப் போனால் அவரையும் பிடித்துக்கொள்ளும். ஒரே வீட்டில் இரண்டு மூன்று பேர் அடுத்தடுத்துப் போவது இப்படித்தான். சரியான வழி ஒன்றுதான்: ஓடிப் போய் மெயினை அணைப்பது.

அந்த மெயின் பீரோவுக்குப் பின்னால் இருந்தால்? லாஃப்ட் உயரத்தில் இருந்து ஸ்டூல் தேட வேண்டியிருந்தால்? அதே ஈரத் தரையைத் தாண்டிப் போக வேண்டியிருந்தால்? நாலு மாடி இறங்கினால்தான் மெயின் என்றால்? ஒவ்வொரு நொடியும் உயிர்.

எனவே ஒரே வரியில் சொல்வதானால், மெயின் பெட்டி ஈரம் படாத, எரிகிற சாமான் இல்லாத, எதுவும் மறைக்காத இடத்தில் இருக்க வேண்டும். வீட்டிலேயே உயரம் குறைந்த பெரியவர்கூட இருட்டில் தடவிப் போய் அணைக்கிற மாதிரி இருக்க வேண்டும். மற்ற விதிகள் எல்லாம் இதிலிருந்து வருபவைதான்.

எங்கெல்லாம் வைக்கக் கூடாது?

நம் நாட்டு வயரிங் தர விதிகள் சில இடங்களைத் தெளிவாகவே விலக்கி வைத்திருக்கின்றன. நம் வீட்டுப் பழக்கங்களையும் சேர்த்துப் பட்டியல் போடுவோம்.

1. குளியலறை, கக்கூஸ். இங்கே பெட்டி கூடவே கூடாது. ஈர உடம்பில் கரண்ட் சுலபமாகப் பாயும். இன்னொன்றையும் பார்க்க வேண்டும். பெட்டி ஹாலில்தான் இருக்கும், ஆனால் சுவருக்கு அந்தப் பக்கம் குளியலறை இருக்கும். குழாய் கசிந்தால் ஓதம் சுவர் வழியாகப் பெட்டிக்குள் வரும். உள்ளே துருப்பிடிக்கும், கசிவு வரும். அந்தச் சுவரையும் தவிர்க்க வேண்டும்.

2. சமையலறை. கேஸ் அடுப்புக்கு மேலும், பாத்திரம் கழுவும் தொட்டிக்கு மேலும் வைக்கக் கூடாது. சமையலறையையே தவிர்க்கச் சொல்கிறது விதி. அடுப்புச் சூடு, எண்ணெய்ப் புகை, நீராவி மூன்றும் பெட்டிக்குப் பகை. எண்ணெய்ப் பிசுக்கோடு தூசி சேர்ந்தால் ஒரு பொறி போதும்.

3. துவைக்கிற இடம். துணி துவைக்கும் இடத்திலிருந்து இரண்டரை மீட்டர், அதாவது சுமார் 8 அடி தள்ளி இருக்க வேண்டும். வாஷிங் மெஷினுக்கு நேர் மேலே பெட்டி இருக்கும் வீடுகள் நிறைய உண்டு.

4. துணி அலமாரி, பீரோவுக்குப் பின்னால். துணி எரிகிற சாமான். பீரோவை நகர்த்தி மெயினை அணைக்க யாராலும் முடியாது. அமெரிக்காவின் மின் விதித்தொகுப்பும் துணி வைக்கும் அறையில் இந்தப் பெட்டி கூடாது என்றுதான் சொல்கிறது.

5. சாமி அலமாரிக்கு மேல். விளக்கு, சூடம், காய்ந்த பூ, பட்டுத்துணி எல்லாம் அங்கே இருக்கும். சாமி படத்துக்குச் சீரியல் லைட் போட வசதி என்று பெட்டியைப் பக்கத்தில் வைக்க வேண்டாம்.

6. இன்வெர்ட்டர் பேட்டரிக்குப் பக்கத்தில். பேட்டரி சார்ஜ் ஏறும்போது எரியக்கூடிய வாயு வரும். டிரிப்பர் விழும்போது உள்ளே சின்னப் பொறி வரும். இரண்டையும் சேர்த்து ஒரே மூலையில் வைக்கக் கூடாது.

7. படிக்கட்டு. படிகளுக்கு மேலேயும் வேண்டாம், படிக்கு அடியில் விறகு, பழைய பேப்பர், துடைப்பம் போடும் பொந்திலும் வேண்டாம். இதை அடுக்குமாடி பற்றிப் பேசும்போது விரிவாகப் பார்ப்போம்.

8. சாரல் அடிக்கும் வெளிச்சுவர், மாட்டுக் கொட்டகை. வெளியே வைத்தே ஆக வேண்டும் என்றால் மேலே கூரை, தண்ணீர் புகாத மூடி இரண்டும் வேண்டும். கொட்டகையில் ஈரமும் எலியும் உண்டு. மாட்டுக்கு நம்மைவிடச் சீக்கிரம் ஷாக் அடிக்கும்.

பெட்டி இருக்கும் இடம் அசிங்கமாகத் தெரிகிறது என்று மேலே காலண்டர் மாட்டுவது நம் எல்லோர் வீட்டிலும் நடக்கிறது. காலண்டர் காகிதம்தானே? இன்றைக்கே எடுத்து வேறு ஆணியில் மாட்டிவிடுவோம்.

"அக்னி மூலையிலதான் கரண்ட் பெட்டி இருக்கணும்னு சொல்றாங்களே?"

இப்படிக் கேட்பவர்கள் நம்மில் உண்டு. தென்கிழக்கு அக்னி மூலை. அடுப்பும் அங்கேதான். நெருப்பு சம்பந்தப்பட்டது என்று கரண்ட் பெட்டியையும் அங்கேயே வைக்கச் சொல்கிறார்கள். கடைசியில் பெட்டி சமையலறைக்குள் வந்துவிடுகிறது. திசை பார்க்க வேண்டும் என்று நினைப்பவர்கள், அதே தென்கிழக்குப் பக்கத்தில் சமையலறைக்கு வெளியே, வராண்டா சுவரிலோ ஹால் சுவரிலோ வைக்கலாமே. நம்பிக்கைக்கும் குறைவில்லை, பாதுகாப்புக்கும் குறைவில்லை. இடம் கிடைக்கவில்லை என்றால் பாதுகாப்பைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

எங்கே வைக்கலாம்? எவ்வளவு உயரம்?

முன்வாசலை ஒட்டி உள்பக்க ஹால் சுவர் நல்ல இடம். அறைகளுக்கு நடுவே போகும் நடையும் நல்லது. கூரை உள்ள, சாரல் படாத வராண்டாவும் ஆகும். எந்த அறையில் இருந்தாலும் நாலு எட்டில் போய்விடலாம். வெளியே ஓடும் வழியிலேயே அணைத்துவிட்டும் போகலாம். ஆனால் கதவைத் திறந்தால் கதவுக்குப் பின்னால் பெட்டி ஒளிந்துகொள்ளாத பக்கமாகப் பார்க்க வேண்டும்.

அளவுகளைக் குறித்து வைத்துக்கொள்வோம்:

பெட்டியின் அடிப்பாகம் தரையிலிருந்து 1.25 மீட்டருக்கு, அதாவது சுமார் 4 அடிக்குக் கீழே வரக் கூடாது. முன்பக்கம் முழுக்கக் கதவு போட்டு மூடியிருந்தால் மட்டும் விலக்கு உண்டு. நடக்கப் பழகும் பிள்ளையின் கை எட்டாமல் இருக்கத்தான் இந்த உயரம்.

பெட்டி 2 மீட்டருக்கு, அதாவது ஆறரை அடிக்கு மேலே போகக் கூடாது. ஆனால் நம்மில் பலர் ஐந்தடி உயரம்தான். எனவே மெயின் சுவிட்சின் பிடி நம் கண் உயரத்தில் இருக்கட்டும் என்று சொல்லுங்கள். வயர்மேன் உயரத்துக்கு வைக்க வேண்டாம்.

பெட்டிக்கு முன்னால் 1 மீட்டர், அதாவது மூணே கால் அடி காலியாக இருக்க வேண்டும். அங்கே கட்டில், தையல் மிஷின், அரிசி மூட்டை, பிளாஸ்டிக் குடம் எதுவும் கூடாது. இந்த இடத்தை வீட்டுக்குள் ஒரு சின்ன வாசல் என்று நினைத்துக்கொள்ளுங்கள். வாசலில் யாரும் மூட்டை அடுக்குவதில்லை.

பெட்டிக்குள் எந்த டிரிப்பர் எதற்கு என்று தமிழில் எழுதி ஒட்ட வேண்டும். "சமையல்", "மோட்டார்", "ஹால்" என்று எழுதினால் போதும். எழுத்துத் தெரியாத பாட்டிக்கு மெயின் மேல் சிவப்புப் பெயிண்ட் அடித்துக் காட்டிவிடலாம்.

அடுக்குமாடி வீட்டில் என்ன பார்க்க வேண்டும்?

தனி வீட்டில் தப்பு நடந்தால் அந்தக் குடும்பத்துக்கு ஆபத்து. அடுக்குமாடியில் கீழ்வீட்டுத் தப்பு மேல்வீட்டு உயிரைக் கேட்கும். ஏனென்றால் தீயும் புகையும் மேல்நோக்கித்தான் போகும். இறங்கி வர நமக்கு இருப்பது படிக்கட்டு. கரண்ட் போனால் லிஃப்ட்டும் கிடையாது; தீ நேரத்தில் லிஃப்ட்டில் ஏறவும் கூடாது.

இதனால்தான் 2016-ம் ஆண்டின் தேசியக் கட்டட விதித்தொகுப்பு, தப்பிக்கும் வழியான படிக்கட்டுக்குள் மின் பெட்டிகளோ கேஸ் குழாயோ இருக்கக் கூடாது என்று சொல்கிறது. ஆனால் நடப்பில் என்ன பார்க்கிறோம்? தரைத்தளத்தில் படிக்கு அடியில் எட்டு வீட்டு மீட்டரும் வரிசையாக இருக்கும். அதற்கு முன்னால் மூன்று பைக் நிற்கும். ஒன்றில் பெட்ரோல், இன்னொன்று சார்ஜ் போட்ட பேட்டரி வண்டி. அங்கே ஒரு பொறி விழுந்தால் மேலே இருக்கும் அத்தனை குடும்பத்துக்கும் இறங்கும் வழியே புகைக்கூண்டு ஆகிவிடும்.

வழி அடைபட்டால் என்ன ஆகும் என்பதைத் தமிழ்நாடு மறக்க முடியாது. 2004 ஜனவரி 23-ம் தேதி ஸ்ரீரங்கத்தில் ஒரு கல்யாண மண்டபம். மாடியில் கீற்றுப் பந்தல். வீடியோ எடுக்கும் விளக்குக்குப் போன வயரில் பொறி பிடித்ததாகச் சொன்னார்கள். குறுகலான படியில் எல்லோரும் ஒரே நேரத்தில் இறங்க முடியவில்லை. மணமகன் உட்பட ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். நம் மதுரையிலேயே 2024 செப்டம்பர் 12-ம் தேதி அதிகாலை, கட்ராபாளையத்தில் வேலைக்குப் போகும் பெண்கள் தங்கியிருந்த விடுதியில் தீப்பிடித்து இரண்டு பெண்கள் உயிரிழந்தார்கள். பிரிட்ஜ் வெடித்ததே காரணம் என்று அப்போது செய்தி வந்தது. நம் மகள்களும் இப்படிப்பட்ட விடுதிகளில்தானே தங்குகிறார்கள்?

எனவே அடுக்குமாடியிலோ விடுதியிலோ வீடு பார்க்கப் போகும்போது வாடகை, அட்வான்ஸ், தண்ணீர் கேட்பதோடு இந்த ஐந்தையும் கேட்போம்:

ஒன்று, முழு வீட்டையும் அணைக்கும் சுவிட்ச் வீட்டுக்குள்ளேயே இருக்கிறதா? சில பழைய கட்டடங்களில் கீழே மட்டும்தான் மெயின் இருக்கும்.

இரண்டு, கீழே மீட்டர் இருக்கும் இடத்தைப் பூட்டி வைத்திருக்கிறார்களா? சாவி யாரிடம்? வாட்ச்மேன் ஊருக்குப் போனால்? ஆளுக்கு ஒரு சாவி வேண்டும். அல்லது எல்லோருக்கும் தெரிந்த இடத்தில் தொங்க வேண்டும்.

மூன்று, நம் வீட்டு மீட்டர் எது? கதவு எண் எழுதியிருக்கிறதா?

நான்கு, மீட்டருக்கு முன்னால் வண்டி, பழைய சாமான், சிலிண்டர் இருக்கிறதா?

ஐந்து, ஆர்.சி.சி.பி. இருக்கிறதா? அதில் "டி" என்ற எழுத்துப் போட்ட சின்னப் பொத்தான் இருக்கும். அதை அழுத்தினால் உடனே விழ வேண்டும். விழவில்லை என்றால் அது பொம்மை. மாற்றச் சொல்ல வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது இந்தச் சோதனையைச் செய்ய வேண்டும்.

கேஸ் வாசம் வந்தால் மெயினை அணைக்கலாமா?

இதைத் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஷாக் அடித்தால் ஓடிப் போய் மெயினை அணை என்றோம். கேஸ் கசிந்தால் அப்படிச் செய்யக் கூடாது. சிலிண்டர் கேஸ் காற்றைவிடக் கனமானது. தரையோடு பரவி அறைகளுக்குள் தேங்கும். அந்த நேரம் சுவிட்சைப் போட்டாலும் அணைத்தாலும் உள்ளே ஒரு பொறி வரும். அது போதும் வெடிக்க.

கேஸ் வாசம் வந்தால் வீட்டுக்குள் இருக்கும் எந்த சுவிட்சையும் தொட வேண்டாம். ரெகுலேட்டரை மூடுவோம். கதவு ஜன்னலைத் திறப்போம். பிள்ளைகளோடு வெளியே வந்துவிடுவோம். வெளியே, வாசம் எட்டாத தூரத்தில் மெயின் இருந்தால் அங்கிருந்து அணைக்கலாம். கேஸ் அவசர எண் 1906. வெளியே வந்த பிறகுதான் போன் பேச வேண்டும். மீட்டரோடு சேர்த்து வெளிப்பக்கம் ஒரு மெயினும், வீட்டுக்குள் ஒரு மெயினும் இருப்பது ஏன் நல்லது என்று இதிலிருந்து புரியும்.

மழைக்காலத்துக்கு முன்னால்

மாட்டுத்தாவணியைச் சுற்றி வண்டியூர் கண்மாய், உத்தங்குடிக் கண்மாய் என்று நீர்நிலைகள் உண்டு. மதுரையே கண்மாய்களுக்கு நடுவே வளர்ந்த ஊர்தான். 2024 அக்டோபர் மழையில் செல்லூர்ப் பக்கம் வீடுகளுக்குள் தண்ணீர் வந்ததைப் பார்த்தோம். சென்னையில் 2015-லும் 2023-லும் வெள்ளம் வந்தபோது, தண்ணீர் வடிகிற வரைக்கும் பல இடங்களில் மின்சாரத்தை நிறுத்தி வைக்க வேண்டியதாயிற்று.

பள்ளமான இடத்தில் வீடு கட்டுபவர்கள் 4 அடி விதியோடு நின்றுவிடக் கூடாது. பழைய மழையில் தண்ணீர் எதுவரைக்கும் நின்றது என்று அக்கம்பக்கத்தில் கேட்டு, அதற்கும் மேலே பெட்டி வருகிற மாதிரி வைக்க வேண்டும். அது கை எட்டாத உயரம் என்றால் வீட்டின் தரைமட்டத்தையே உயர்த்துவதுதான் வழி. தரையில் தண்ணீர் நிற்கும்போது அதில் நின்றுகொண்டு மெயினைத் தொடவே கூடாது. தண்ணீர் வரும் போலத் தெரிந்தால், அது வருவதற்கு முன்னாலேயே அணைத்துவிட வேண்டும். வந்துவிட்டால் மின் வாரியத்தின் மின்னகம் எண் 94987 94987-க்குப் போன் செய்து வெளியிலிருந்தே நிறுத்தச் சொல்ல வேண்டும்.

பெட்டி ஏற்கனவே தப்பான இடத்தில் இருந்தால்?

எல்லோராலும் சுவரை உடைத்து இடம் மாற்ற முடியாது. அதனால் ஒன்றும் செய்ய முடியாது என்று விட்டுவிடவும் வேண்டாம். செலவு இல்லாததிலிருந்து தொடங்குவோம்.

செலவில்லாதது: பெட்டியை மறைக்கும் பீரோ, காலண்டர், மூட்டையை நகர்த்துவது. வீட்டில் எல்லோருக்கும் மெயினைக் காட்டிக் கொடுப்பது. பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளை ஒருமுறை கண்ணை மூடிக்கொண்டு போய்ப் பெட்டி இருக்கும் இடத்தைக் காட்டச் சொல்லிப் பார்ப்பது.

கொஞ்சம் செலவு: ஆர்.சி.சி.பி. மாட்டுவது. ஐ.எஸ்.ஐ. முத்திரை பார்த்து வாங்க வேண்டும். இரண்டு மூவாயிரம் ரூபாய்க்குள் அடங்கும். நம் குழு உள்கடனில் இதற்குத் தாராளமாகக் கொடுக்கலாம். கூடவே எர்த் குழி சரியாக இருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்ல வேண்டும். பீஸ் கட்டையில் தடித்த கம்பி சுற்றியிருந்தால் மாற்ற வேண்டும்.

அதிகச் செலவு: டிபி பெட்டியை வேறு சுவருக்கு மாற்றுவது. அரசு தகுதிச் சான்று பெற்ற வயர்மேனைக் கொண்டுதான் செய்ய வேண்டும். வெள்ளையடிக்கும்போதோ மராமத்து பார்க்கும்போதோ சேர்த்துச் செய்தால் செலவு குறையும். மீட்டரை மாற்ற வேண்டும் என்றால் மின் வாரிய அலுவலகத்தில் விண்ணப்பம் கொடுக்க வேண்டும். நாமாக நகர்த்தக் கூடாது.

வாடகை வீட்டில் இருப்பவர்கள் தயங்குவார்கள். "ரொம்பப் பேசினா காலி பண்ணச் சொல்லிருவாங்க" என்ற பயம் இருக்கும். தனியாகப் போய்க் கேட்பதைவிட, அதே கட்டடத்தில் இருக்கும் நாலு வீட்டுப் பெண்கள் சேர்ந்து போய்க் கேளுங்கள். "தீப்பிடிச்சா உங்க கட்டடமும்தானே போகும்" என்று சொன்னால் எந்த வீட்டுக்காரரும் யோசிப்பார். நாலு பேர் சேர்ந்து கேட்டால் காரியம் நடக்கும் என்பது குழுவில் இருக்கும் நமக்குத் தெரியாததா?

வீடு கட்டப் போகிறவர்களுக்கு

சுவர் எழும்பிப் பூசுவதற்கு முன்னால் ஒரு நாள், வயர்மேன் பைப் பதிக்க வருவார். அந்த நாள்தான் நம் நாள். அன்றைக்குக் கூலி வேலைக்குப் போகாமல் வீட்டுக் கட்டடத்தில் நில்லுங்கள். அடுப்பு எங்கே, தொட்டி எங்கே, குளியலறைக் குழாய் எந்தச் சுவரில், பீரோ எங்கே வரும், சாமி எங்கே என்று கரிக்கட்டியால் தரையில் குறியுங்கள். மிச்சம் இருக்கும் காய்ந்த சுவரில், வாசலுக்குப் பக்கத்தில், உங்கள் கண் உயரத்தில் ஒரு கோடு போடுங்கள். "அண்ணே, பெட்டி இங்க வைங்க" என்று சொல்லுங்கள். "வயர் பத்து அடி கூடும்மா" என்பார். கூடட்டும். பத்தடி வயர் விலை பெரிய விலை இல்லை.

அடுத்த குழுக் கூட்டத்தில்

சந்தா வரவு, கடன் தவணை எல்லாம் முடிந்த பிறகு ஒரு பத்து நிமிடம் ஒதுக்குங்கள். ஊக்குநர் இந்தப் பக்கத்தை எல்லோருக்கும் வாசித்துக் காட்டட்டும். பிறகு ஒவ்வொருவரும் தன் வீட்டுப் பெட்டி எங்கே இருக்கிறது என்று சொல்லட்டும். யார் வீட்டில் சமையலறையில், யார் வீட்டில் குளியலறைச் சுவரில், யார் வீட்டில் ஆர்.சி.சி.பி. இல்லை என்று தீர்மான நோட்டில் ஒரு பக்கம் எழுதுங்கள். உடனே மாற்ற வேண்டிய வீடு எது என்று நீங்களே முடிவு செய்யலாம். பல வீடுகளுக்கு ஒரே வயர்மேனை வரவழைத்தால் கூலியும் குறையும்.

ஷாக் அடித்தவரை வெறுங்கையால் தொடக் கூடாது, முதலில் மெயினை அணைக்க வேண்டும், முடியாவிட்டால் காய்ந்த பலகை மேல் நின்று காய்ந்த கம்பால் தள்ளிவிட வேண்டும், உடனே 108-க்குப் போன் செய்ய வேண்டும் என்பதையும் சொல்லிக் கொடுங்கள். கரண்டால் பிடித்த தீயில் தண்ணீர் ஊற்றக் கூடாது. மெயினை அணைத்துவிட்டுக் காய்ந்த மணல் போட வேண்டும். தீயணைப்பு நிலைய எண் 101.

இன்றைக்கு ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு, படுத்த இடத்திலிருந்து எழுந்து இருட்டில் மெயின் பெட்டி வரை நடந்து பாருங்கள். வழியில் எது இடிக்கிறதோ, அதை நாளைக் காலையில் எடுத்துவிடுங்கள்.